இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள்

மாதத்தில் ஒரு நாள் என் மகள் வீட்டுக்கு வருவாள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள், பிற்பகல் மூன்றரை மணிக்கு. வருவது என்றால் படலையைத் திறந்துகொண்டு வருவது இல்லை. கணினித் திரையின் வலது மூலையில், வேறொருவர் இணைந்திருக்கிறார் என்று சின்னதாக ஒரு பட்டை தோன்றும். பிறகு நான் தொடாமலே அம்புக்குறி அசையத் தொடங்கும். அதுதான் அவள்.

அவள் லண்டனில் இருக்கிறாள். நான் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, அவளுடைய வீட்டில் இருக்கிறேன். அவளுடைய வீடு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இது என் மனைவிக்கு அவளுடைய தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த வீடு. மகள் கல்யாணம் முடித்து வெளிநாடு போகுமுன், மனைவி அதை மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். நான் முதலில் பெண்சாதி வீட்டிலும் பிறகு மகள் வீட்டிலும் காலம் கழித்தவன். முப்பத்தைந்து வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவனுக்குத் தன் பெயரில் ஒரு கதவு இல்லையா என்று வேறு ஊர்க்காரன் சிரிப்பான். இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

கணினி வாங்கியது மனைவிக்காக. மகள் கடைசியாக ஊருக்கு வந்து நின்றபோது அதை மண்டபத்து மூலையில் வைத்து, திரைக்கு மேலே ஒரு கமராவைப் பூட்டி, விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னக் கடதாசியில் எழுதி ஒட்டித் தந்தாள். லண்டனில் அவளுக்குக் கணினி சம்பந்தமான வேலை. தூரத்திலிருந்தே இந்தப் பெட்டிக்குள் நுழைகிற வழி ஒன்றையும் செய்து வைத்தாள்.

"அம்மா, நீங்க ஒண்டுக்கும் பயப்பட வேணாம். மாசத்தில ஒருக்கா நான் உள்ளுக்கு வந்து அப்டேட் எல்லாம் போட்டுத் தருவன். நான் வேலை செய்யக்குள்ள மட்டும் மவுஸத் தொடாதீங்க" என்று சொன்னாள். மனைவி மத்தியானம் ஒரு கண் உறங்கி எழும்புவது மூன்றரைக்கு. அதனால் அந்த நேரம்.

அப்டேட் என்றால் என்ன என்று மனைவி எனக்கு விளக்கப்படுத்தப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். நான் அதை விளங்கிக்கொண்டது என் வேலை வழியாகத்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்த காலத்தில், நண்டு போட்ட ஒரு துளையால் ஒரு வயலின் தண்ணீர் முழுக்க விடிவதற்குள் பக்கத்து வயலுக்குப் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். வரம்பைப் பார்த்தால் ஒரு பழுதும் தெரியாது. துளையைத் தேடிப் பிடித்து மண் வைத்து மிதித்தால்தான் தண்ணீர் நிற்கும். கணினியின் இயங்குதளமும் அந்தச் சாதிதான். செய்தவனுக்கே தெரியாத துளைகள் அதில் இருக்கும். அவற்றை மாதாமாதம் தேடிப் பிடித்து, அடைக்கிற மண்ணை இரண்டாம் செவ்வாயன்று அனுப்புவார்கள். எங்களுக்கு அது வந்துசேரும்போது புதன் ஆகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் மனைவி இறந்தாள். காலையில் நெஞ்சு நோகிறது என்றாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகளால் வர முடியவில்லை. அவளுடைய கடவுச்சீட்டு அங்கே குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அந்த நேரம் நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. அவள் போனில் அழுதாள். "அப்பா, வீடியோவில எண்டாலும் காட்டுங்க. அம்மாட முகத்த நான் பாக்கணும்."

மனைவியின் தம்பி ஏற்கனவே படக்காரர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தான். செத்தவீட்டை அப்படியே நேரடியாக வெளிநாட்டுக்குக் காட்டலாம், இப்போது எல்லோரும் செய்கிறார்கள் என்று அவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அழுகிற முகங்களை உலகத்துக்குப் போட்டுக் காட்ட நான் என்ன கூத்தா நடத்துகிறேன் என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். உண்மையில் அது காரணம் இல்லை. எனக்குக் கோபம். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போனதில் கோபம், பிள்ளை பக்கத்தில் இல்லாததில் கோபம். யாருடைய தலையிலாவது அதை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் தலை அகப்பட்டது. இதை எழுதுகிறவன் நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசிக்க வேண்டாம்.

நேரடியாகக் காட்டாவிட்டாலும் படக்காரர் படம் எடுத்து, அவற்றை ஒரு பென்ட்ரைவில் போட்டுத் தந்தார். நான் அவற்றைக் கணினியில், மனைவியின் படங்கள் இருக்கிற கோப்புறைக்குள் போட்டேன். 'அம்மா' என்று மகள் பெயர் வைத்த கோப்புறை அது. அதற்குள் 'செத்தவீடு' என்று இன்னொன்றைத் திறந்து உள்ளே வைத்தேன். மகளுக்கு அனுப்பவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு மகள் போன் எடுத்தாள். "அப்பா, தனிய இருக்காதீங்க. மாமா வீட்ட போய் இருங்க. வீட்டப் பூட்டிப் போட்டுப் போகலாம்தானே" என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் என் காதில் விழுந்தது வீட்டைப் பூட்டு என்பது மட்டும்தான்.

"ஓம், வீடு உன்ட. நான் காவல்காரன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அம்மாட செத்தவீட்டுக்கு வராத நீ எனக்கு வழி சொல்ல வேணாம்" என்றேன்.

"சரி அப்பா" என்றாள். போன் அறுந்தது. பின்னேரம் நான் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து, கணினிக் கமராவின் கண்ணின்மேல் ஒட்டினேன். அவள் பார்க்கவா போகிறாள்? பார்த்தாலும் பார்க்கக்கூடாது என்று ஒட்டினேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் வழக்கமான புதன்கிழமை மூன்றரைக்கு, வானிலையைப் பார்க்கலாம் என்று கணினிக்கு முன்னால் இருந்தபோது, அம்புக்குறி அசைந்தது.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அம்பு நேராகப் போய் அப்டேட் பக்கத்தைத் திறந்தது. பச்சைக்கோடு நிரம்பும்வரை ஒரு மூலையில் காத்திருந்தது. வைரஸைத் தடுக்கிற பாதுகாப்புக் கேடயத்தின் படத்தைத் திறந்து பார்த்தது. நான் இறக்கிவைத்திருந்த இரண்டு குப்பைகளை அழித்தது. பிறகு ரீஸ்டார்ட்டை அழுத்தியது. திரை கறுத்தது. இருபது நிமிடம் இருக்கும். ஒரு சொல் இல்லை.

எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயித்து வாறன்' என்று சொல்லித்தான் படி இறங்குவார்கள். செத்தவீட்டில் மட்டும் சொல்லமாட்டார்கள். கதிரையை விட்டு எழும்பி, யாரிடமும் சொல்லாமல், பேசாமல் போய்விட வேண்டும். அவள் அப்படித்தான் போனாள். அந்த மாதமும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும்.

என்னை எண்ணி எனக்கே சிரிப்பு வருகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மூன்றாவது மாதத்திலிருந்து, புதன்கிழமை மூன்று மணிக்கு நான் சட்டை போடத் தொடங்கினேன். வீட்டில் நான் சட்டை போடுகிற ஆள் இல்லை. கல்லடிப் புழுக்கத்துக்கு இடுப்பில் சாரமே அதிகம். கமராவின் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது, அதை ஒட்டியவனே நான்தான். ஆனாலும் பிள்ளை வருகிற நேரத்தில் வெறும் மேலோடு இருக்க மனம் வரவில்லை. நீலக் கோடுபோட்ட சட்டை. மண்டபத்தைக் கூட்டி, கணினியின் மேல் படிந்த உப்புப் பிசுபிசுப்பைத் துடைத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

ஒருமுறை மாதம் புதன்கிழமையில் பிறந்தது. இரண்டாம் புதன் என்று நான் எண்ணியது இரண்டாம் செவ்வாய்க்கு முந்தியதாகிவிட்டது. அது எனக்கு விளங்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறு மணிவரை இருந்தேன். அம்பு நான் வைத்த இடத்திலேயே நின்றது. இனி வரமாட்டாள், அவ்வளவுதான், நீ செய்த வேலைக்கு இவ்வளவு நாள் வந்ததே பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. அடுத்த புதன் மூன்றரைக்கு அம்பு அசைந்தபோது, கலண்டரைப் பார்த்து என் மடத்தனத்தைக் கண்டுபிடித்தேன்.

அம்பு அசைகிற விதத்தை வைத்தே அவளுடைய மனநிலையைப் படிக்கப் பழகினேன். அலுப்பாக இருந்தால் மெதுவாகப் போகும். அவசரம் என்றால் ஒரே பாய்ச்சல். எனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த மின்னஞ்சலை நான் ஒருமுறை திறந்துவிட்டேன். அதைக் கண்டதும் அம்பு அதன் தலைப்பைச் சுற்றிச் சுற்றி மூன்று வட்டம் போட்டது. தாயும் அப்படித்தான். கோபம் வந்தால் பேசமாட்டாள், என்னைச் சுற்றிச் சுற்றிக் கூட்டுவாள். அந்த மின்னஞ்சலோடு ஒரு வேண்டாத மென்பொருளும் வந்து குந்தியிருந்தது. அதைக் களைய ஒரு மணிநேரம் எடுத்தது. அந்த ஒரு மணிநேரமும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை ஒளிப்பதில் பலன் இல்லை.

அங்கே கோடைக்கும் மாரிக்கும் மணிக்கூட்டை மாற்றுவார்கள். இங்கே மாற்றுவதில்லை. ஆனாலும் எங்கள் மூன்றரை ஒருநாளும் நான்கரை ஆனதில்லை. அவள் தன் மணிக்கூட்டைப் பார்த்து வரவில்லை, தாய் எழும்புகிற நேரத்தைப் பார்த்து வந்தாள் என்று நினைக்கிறேன்.

மைத்துனன் கொக்கட்டிச்சோலையிலிருந்து மாதம் ஒருமுறை அரிசி கொண்டு வருவான். வந்தால் ஒரே கேள்விதான்.

"புள்ள கதைச்சவவா, அத்தான்?"

"வந்து போறாள்."

"அது மெசினுக்கு வாறதுகா. உங்களுக்கு வாறதா? ஒரு கோல் எடுத்து, பிழதான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சி போகும்?"

"உன்ட வேலயப் பாரு" என்பேன். அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மறுகா வாறன்" என்று எழும்பிப் போவான். அவன் போன பிறகு வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். இந்த வீட்டில் நான்கு அறை. நான் பாவிப்பது ஒன்று.

இந்த ஆடியில் திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. இந்த இயங்குதளத்துக்கு ஐப்பசிக்குப் பிறகு அப்டேட் கிடையாது. புதிய பதிப்புக்கு மாறுங்கள். ஆனால் உங்கள் கணினி புதிய பதிப்புக்குத் தகுதியானது அல்ல. மூன்று வரிதான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன். துளைகளை அடைக்க இனி மண் அனுப்பமாட்டார்கள் என்பது விளங்கியது. கள்ளன் வருவான் என்ற பயம் எனக்கு வரவில்லை. இந்த வீட்டில் கள்ளனுக்கு என்ன இருக்கிறது? அப்டேட் இல்லை என்றால் அவள் வருவதற்கு வேலை இல்லை. எனக்கு வந்த பயம் அது ஒன்றுதான். விரல்விட்டு எண்ணினேன். இன்னும் மூன்று தடவை.

முதலாவது தடவை வழக்கம்போலப் போனது. அவள் அந்த அறிவித்தலைக் கண்டாள். அம்பு அதன்மேல் கொஞ்சம் நின்றது, பிறகு மூடியது. இருபது நிமிடம். இனி இரண்டு தடவை.

அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. வேலை கூடினால் நேரம் கூடும். முந்தி வேண்டாத மென்பொருள் வந்தபோது ஒரு மணிநேரம் இருந்தாள்தானே? இரண்டாம் தடவைக்கு முதல்நாள், செவ்வாய்க் காலை, பாதுகாப்புக் கேடயத்தைத் திறந்து நானே அதை நிறுத்தினேன். நிறுத்தவா என்று இரண்டுமுறை கேட்டது. இரண்டுமுறையும் ஓம் என்று அழுத்தினேன். ஒரு நாள்தானே, நாளைக்கு அவள் வந்து பார்த்து, ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று ஆற அமரத் தேடட்டும் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க வரம்பைப் பார்த்துத் துளை அடைத்தவன், தன் கையாலே மண்வெட்டி எடுத்து வெட்டிவிட்டான்.

அன்றைக்கே மைத்துனன் போன் எடுத்து, அக்காவின் இரண்டாம் வருடத் திவசத்துக்கு அறிவித்தல் அடிக்க வேண்டும், படம் வேண்டும் என்றான். மனைவியின் படம் ஒன்றைப் பென்ட்ரைவில் ஏற்றி, பாலத்தடிக்குப் போகிற வழியில் இருக்கிற போட்டோக்கொப்பிக் கடை ஒன்றில் கொடுத்து அச்சடித்தேன். ஊரில் உள்ள பென்ட்ரைவ் எல்லாம் ஏறி இறங்குகிற இடம் அது. வீட்டுக்கு வந்து, அச்சடித்த வடிவத்தைச் சேர்த்து வைக்கலாம் என்று அதைத் திரும்பக் கணினியில் செருகினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோப்புறைகள் எல்லாவற்றின் மூலையிலும் வளைந்த சின்ன அம்பு ஒன்று முளைத்தது. 'அம்மா'வைத் திறந்தேன். திறக்கவில்லை. ஏதோ பிழை என்றது. இன்னொருமுறை அழுத்தினேன். அதே பிழை. கல்யாணப் படம், மகளைத் தூக்கி வைத்திருக்கிற படம், அமிர்தகழித் திருவிழாவில் தாயும் மகளும் வளையல் பார்க்கிற படம், எல்லாம் அதற்குள். வேறு எங்கேயும் அவற்றின் பிரதி இல்லை. பழைய அட்டைப் படங்களை எல்லாம் மகள் கணினியில் ஏற்றிய பிறகு, கரையான் அரித்த ஆல்பத்தை நான்தான் எரித்தேன்.

வாழ்க்கையில் நான் சில பிழைகளைக் கோபத்தில் செய்திருக்கிறேன். இது கோபத்தில் செய்தது இல்லை. என் தனிமைக்குத் தீனி போடப் போய், மனைவியின் முகத்தை இரண்டாம்முறையும் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் மூன்றரைக்கு அவள் வந்தாள். நான் சட்டை போட்டிருந்தேன், ஆனால் நேராக இருக்க முடியவில்லை. அம்பு முதலில் கேடயத்துக்குப் போனது. சிவப்பில் இருந்தது. அவள் பதிவைத் திறந்தாள். நேற்றுக் காலை, எத்தனை மணிக்கு, கணினியைப் பாவிப்பவரே நிறுத்தினார் என்று அங்கே எழுதியிருந்தது. யாரோ செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை. இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அம்பு அந்த வரியின்மேல் நின்றது. வட்டம் போடவில்லை. சும்மா நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவளுக்குத் தெரியாது என்றாலும்.

பிறகு அவள் வேலையைத் தொடங்கினாள். கேடயத்தை எழுப்பினாள். வைரஸைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அழித்தாள். அதற்கு நெடுநேரம் எடுத்தது. கடைசியில் கறுப்பு யன்னல் ஒன்றைத் திறந்து, வெள்ளை எழுத்தில் ஒரு வரி அடித்தாள். கோப்புறைகள் திரும்பி வந்தன. முதலில் மங்கலாக, பிறகு முழுதாக. வைரஸ் எதையும் அழித்திருக்கவில்லை. ஒளித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் 'அம்மா'வைத் திறந்தாள். அதுவரை அவள் என்னுடைய எந்தக் கோப்புறையையும் திறந்ததில்லை. மகளுக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு. படங்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன. கல்யாணம், வளையல் கடை, இந்த மண்டபத்தில் கமராவுக்கு முன்னால் சிரிக்கிற மனைவி. லண்டனில் ஒருத்தியும் கல்லடியில் ஒருவனும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அம்பு 'செத்தவீடு' என்ற கோப்புறையின்மேல் வந்து நின்றது.

அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை. அவள் திறந்தாள்.

முதல் படத்தில் மண்டபத்தின் நடுவே மனைவி. மகள் அனுப்பிய பச்சைச் சேலையை உடுத்திவிட்டிருந்தார்கள். அவள் அந்தப் படத்தைப் பெருப்பித்தாள். இன்னும் பெருப்பித்தாள். திரை முழுவதும் தாயின் முகமானது. அம்பு நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் போய் அசையாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. 'அம்மாட முகத்த நான் பாக்கணும்' என்று அவள் கேட்டது இதைத்தான். இரண்டு வருடம் இது என் பெட்டிக்குள் கிடந்தது. நான் அழுதேன். மனைவி செத்த அன்று நான் அப்படி அழவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாமன், அயலவர்கள், கதிரையில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நான். பாடையைப் படலையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகிற படம் வந்தது. படலைக்கு இந்தப் பக்கம் பெண்கள் தலைவிரித்து நிற்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிடுவார்கள். மகளும் அந்தப் படத்தோடு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகும் மயானத்துப் படங்கள் இருபது இருந்தன. அவள் திறக்கவில்லை. கோப்புறையை மூடினாள். அப்டேட் போட்டாள், ரீஸ்டார்ட்டை அழுத்தினாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். செத்தவீட்டுக்கு வந்தவள் அப்படித்தான் போக வேண்டும். அன்று அவள் முறைப்படிதான் போனாள்.

இனி ஒரு தடவைதான் இருந்தது. அந்த மாதம் முழுவதும் நான் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. சத்தம் போட்டே பழகிய வாய், இதற்கு உதவாது.

கடைசிப் புதன் மழைக்கோலமாக இருந்தது. மூன்றரைக்கு அம்பு அசைந்தது. கடைசி அப்டேட் இறங்கத் தொடங்கியது. பத்து வீதம், இருபது வீதம். நாற்பது வந்தபோது நான் முழங்காலிலிருந்து கையை எடுத்து மவுஸின்மேல் வைத்தேன். அவள் வேலை செய்கிற நேரத்தில் நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அம்பு இரண்டு பக்கமும் இழுபட்டு நடுங்கியது. பிறகு அவள் விட்டுக்கொடுத்தாள்.

வெறும் குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். விசைகளில் மகள் ஒட்டிய கடதாசி எழுத்துகளில் பாதி உரிந்துவிட்டன. ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன். பிழையாக அடித்ததை அழித்து, திரும்ப அடித்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். கடைசியில் இவ்வளவுதான் வந்தது.

'நீ வராம இருக்கல்ல புள்ள. நான்தான் கதவப் பூட்டினன். அம்மாட முகத்தக் காட்டாதது என்ட பிழ.'

கையை எடுத்து முழங்காலில் வைத்தேன். அப்டேட் நூறு வீதமாகி, ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்டுக்கொண்டு நின்றது. அம்பு அசையவில்லை. மழை தொடங்கி, ஓட்டில் சத்தம் கேட்டது. போய்விட்டாளோ என்று மூலையைப் பார்த்தேன். பட்டை இருந்தது.

பிறகு என் வரிக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'சாப்பிட்டீங்களா அப்பா?'

'ஓம்' என்று அடித்தேன். ஓ எங்கே என்று தேடவே நேரம் எடுத்தது.

'போயித்து வாறன் அப்பா. ரீஸ்டார்ட் நீங்க குடுங்க.'

பட்டை மறைந்தது. "ஓம், போயித்து வா புள்ள" என்று வாய்விட்டுச் சொன்னேன். மண்டபத்தில் நான் மட்டும்தான்.

ரீஸ்டார்ட்டை அழுத்தினால் அந்தப் பக்கம் மூடிப்போகும். சேமிக்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பெட்டியை இனி நான் நம்பத் தயாராக இல்லை. பேனையை எடுத்துவந்து, சுவர்க் கலண்டரில் அடுத்த மாதத்தைப் புரட்டி, இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாளைக் கவனமாக எண்ணிப் பிடித்து, அந்தக் கட்டத்துக்குள் அவளுடைய வரியை அப்படியே எழுதினேன். பிறகுதான் அழுத்தினேன்.

நீயே ஒரு கோல் எடுக்கலாம்தானே என்று வாசிக்கிறவர் கேட்பார். மைத்துனனும் கேட்டான். எடுக்கலாம். ஆனால் வாறன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடம் அவளை வெளியே நிறுத்தியவன், இந்த ஒரு மாதம் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இதை எழுதுகிற இன்று திங்கட்கிழமை. நாளை செவ்வாய், எங்கள் பெட்டிக்கு ஒன்றும் வராது. நாளை மறுநாள் அவள் வந்தால், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. வந்தால் என்னைப் பார்க்கத்தான் வர வேண்டும். காலையில் கமராவின் கண்ணிலிருந்த பிளாஸ்டரை உரித்தேன். இரண்டு வருடத்துப் பசை, விரலால் போகவில்லை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, கண்ணாடி தெளியும்வரை துடைத்தேன். நீலக் கோட்டுச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மழை வந்தால் எடுத்து உள்ளே போட வேண்டும்.